மூன்று நாளுக்கொரு கிரகணம்

எங்கள் சமையலறையில் இரண்டு மூடிகள் காணாமல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்று பருப்புச் சட்டியின் மூடி, மற்றது பால் சொம்பின் மூடி. அவற்றை எடுத்தவள் நான். திருடினேன் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் அவை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. சித்தப்பாவின் கட்டிலுக்கு அடியில், கட்டம் போட்ட தாள்களுக்கு நடுவே பத்திரமாக இருந்தன.

முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. கடல் கடந்து பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்துக்குப் பின்பக்கம் காட்டிக்கொண்டு நின்ற ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. அப்பா சரக்கு ரயிலில் கார்டு. துறைமுகத்துக்குப் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். அம்மா, நான், இரண்டு தம்பிகள், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அப்பாவின் அக்காவான அத்தை என்று வீட்டில் ஏழு பேர். போதாததற்கு ரயில் யார்டில் வேலை பார்த்த நான்கு பிரம்மச்சாரிகளும் எங்கள் வீட்டில்தான் காலையும் இரவும் சாப்பிட்டார்கள். அந்த ஏற்பாடு அத்தையுடையது. பதினொரு வயிற்றுக்குச் சமைத்து, மறுநாள் தோசைக்கு மாவாட்டி, குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்தது மட்டும் அம்மா.

அம்மா அப்போது மாசமாக இருந்தாள். எனக்குப் பின் பிறந்த இரண்டு தம்பிகளுக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே போய்விட்டன. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். இந்த முறை எப்படியும் பெற்றுவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள் என்பது அவள் படியிறங்கும் விதத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள்.

முடிவோடு இருந்த இன்னொரு ஆள் சித்தப்பா. அவர் ரயில்வே தந்தி அலுவலகத்தில் குமாஸ்தா. இருபத்து மூன்று வயது. பெண் பார்க்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் வானத்தைப் பார்க்கப் போய்விடுவார். எங்கள் வீட்டுப் பின்புறம் வடக்கு. அங்கே மார்கழி மாத மாலையில் எழும் ஒரு நட்சத்திரத்தின் மேல் அவருக்குப் பைத்தியம். பார்க்க மற்றதைப் போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாள், இருபது மணி, நாற்பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஐந்து மணி நேரம் மங்கிக்கொண்டே வந்து, அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழையபடி தெளிந்துவிடும். அது ஒரு நட்சத்திரம் அல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. மங்கலானது பிரகாசமானதன் முன்னால் வந்து மறைக்கிறது. இப்படிப்பட்ட நட்சத்திரங்களைப் பார்த்து எழுதி அனுப்புகிறவர்களின் சங்கம் ஒன்று சீமையில் இருந்தது. அங்கே பகலாக இருக்கும்போது நமக்கு ராத்திரி, அவர்கள் தவறவிடும் மறைப்புகளைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் வைராக்கியம்.

அதற்குத் தொலைநோக்கி ஒன்றும் கிடையாது. பக்கத்து நட்சத்திரங்கள் மூன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவற்றுக்கு நான் மூத்தது, நடுவிலது, கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தேன். நல்ல நாளில் நம் நட்சத்திரம் மூத்ததற்கு ஒரு படி கீழே நிற்கும். மறைப்பின் உச்சத்தில் கடைக்குட்டியோடு கடைக்குட்டியாகிவிடும். சித்தப்பாவுக்கு மாறி மாறி வரும் டியூட்டி. பாதி மாலைகள் அலுவலகத்தில் கழிந்துவிடும். ஆகவே அந்த மாலைகளை நானே எடுத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நோட்டில் நான் எழுதி வைத்ததைப் பார்த்தார், சரியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார். நேரத்துக்கு எனக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. ஏழு பத்துக்குக் கிள்ளான் ரயில் போகும்போது ஒரு பார்வை, ஏழரைக்கு வெறும் எஞ்சின் ஷெட்டுக்குத் திரும்பும்போது ஒன்று, எட்டு மணிக்குச் செந்தூல் ரயில் வரும்போது ஒன்று.

மூடிகள் எதற்கென்றால், மறைக்கிற நட்சத்திரம் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்க. அலுவலகத்தில் ரயில்கள் ஓடும் நேரத்தைக் கோடு கோடாகப் போட்டுப் பார்க்கும் கட்டத் தாள்கள் உண்டு. பழையதைக் கழித்துப் போட்டால் சித்தப்பா சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதில் பால் சொம்பின் மூடியை வைத்து வட்டம் போடுவோம். அதன்மேல் வேறொரு மூடியை அரை மணிக்கு இத்தனை கட்டம் என்று நகர்த்துவோம். மறையாமல் மிச்சமிருக்கும் கட்டங்களை நான் எண்ணுவேன். எண்ணிக்கை குறைகிற விதமும் நோட்டில் ஒளி குறைகிற விதமும் ஒத்துப்போக வேண்டும். சோற்றுப் பானை மூடி ஒத்துவரவில்லை. டம்ளர் மூடி ஒத்துவரவில்லை. பருப்புச் சட்டி மூடிதான் சரி என்று நான் சொன்னேன். சித்தப்பா ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றுவிட்டு ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தைக்கும் புரியவில்லை, வேறு காரணத்துக்காக. மூடியில்லாத பருப்பில் பல்லி விழுந்த அன்று வீட்டையே புரட்டிப் போட்டுக் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்தாள். எதற்கு என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது.

"கிரகணத்துக்கு, அத்தே."

"என்ன கிரகணம்? பஞ்சாங்கத்துல ஒன்னும் போடலயே."

"இது நட்சத்திரத்துல. மூனு நாளைக்கு ஒருக்கா வரும்."

அத்தை மூடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சித்தப்பா வரும்வரை வாசலிலேயே நின்றாள். அவர் வந்ததும் விசாரணை. ராகுவா, கேதுவா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றார். அந்த நட்சத்திரத்துக்குப் பேர் என்ன என்றாள். அரபிக்காரர்கள் அதைப் பேயின் தலை என்று சொல்வார்கள் என்று அந்த மனுஷர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அத்தையின் கண் நேராக அம்மாவின் வயிற்றுக்குப் போனது.

அத்தையைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். வேலை வாங்குவதிலும் ஆசாரத்திலும் அவள் ஒரே அளவு உறுதியானவள், அவ்வளவுதான். கிரகண நேரத்தில் மாசமானவள் கத்தி தொடக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, மாவாட்டக் கூடாது. உள்ளறையில் கைகாலை மடக்காமல் நேராகப் படுத்திருக்க வேண்டும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள சட்டம் நட்சத்திரத்துக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகும்? ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டு இல்லை என்பதும் அதே சட்டம். ஆகவே பகலில் நடப்பது சேராது. இருட்டிய பிறகு ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அத்தை என்னையே வைத்தாள். "இது வாயத் தொறந்தா உள்ளதத்தான் சொல்லும். அதான் இதுகிட்ட உள்ள தொல்ல" என்றாள். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

சித்தப்பா தேதிகளைத் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். அந்த மாலைகளில் அடுப்பு கிடையாது. மத்தியானச் சோற்றின்மேல் தர்ப்பை போட்டு வைக்க வேண்டும். தர்ப்பைக்கு இங்கே எங்கே போவது? தண்டவாள ஓரத்தில் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது, அத்தை அதையே தர்ப்பையாக ஏற்றுக்கொண்டாள். யார்டுக்காரர்கள் நால்வரும் வெளியே கடையில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மறுநாள் தோசை இல்லை, கஞ்சிதான். நால்வரில் வயதில் சிறியவர் ஒருநாள் வாசலில் நின்று, "ஏங்க்கா, அந்த நட்சத்திரத்துக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று அத்தையிடம் பாவமாகக் கேட்டார்.

நான் ஒவ்வொரு முறையும் பின்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "புடிச்சிருக்கு அத்தே" என்பேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பாள். உள்ளே எட்டிப் பார்த்தால், கண்ணை மூடாமல், இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பேயின் தலைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சங்கடம் இருந்தது. மறைப்பு ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் முந்தி முந்தி வரும். அதனால் மூன்று நான்கு மாலைகள் நமக்கு அகப்படும், பிறகு பத்துப் பதினோரு நாள் எல்லாம் பகலிலும் விடியற்காலையிலும் போய்விடும். அப்படி ஒரு இடைவெளி தொடங்கிய நாளில், சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்தது என்னிக்கி, தம்பி?"

"இன்னும் பதினோரு நாள் இருக்கு, அண்ணி."

அம்மா குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வழியில் ஒருமுறை குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். சித்தப்பா கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே சுவரில் பழைய தாள் போய்ப் புதிய தாள் வந்தது. அதில் இடைவெளி இல்லை. கணக்கைத் திருத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். பெரியவர்கள் கணக்கைத் திருத்துவது சகஜம்தானே.

தைப்பூசம் முடிந்த வாரம். பகலில் மழை பெய்து, மாலையில் வானம் கழுவி விட்டதைப் போல இருந்தது. தாள்படி அன்று கிரகணம். அடுப்பு மூட்டவில்லை, அம்மா படுத்துவிட்டாள், சித்தப்பாவுக்கு அலுவலகம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு நிலக்கரிச் சாம்பல் மேட்டில் ஏறினேன். கிள்ளான் ரயில் போனது. நட்சத்திரம் மூத்ததற்கு ஒரு படி கீழே, ஜம்மென்று நின்றது. எஞ்சின் ஷெட்டுக்குப் போனது. அப்படியேதான். நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"இன்னிக்கி கிரகணம் இல்ல, அத்தே. முழுசா இருக்கு."

அத்தை சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சரியா பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேம்மா."

"இன்னொரு தடவ பாத்துட்டு வாயேன்."

என் கண்ணையே சந்தேகப்படுகிறாளே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடிப்போய் மேட்டில் ஏறி, செந்தூல் ரயில் வரும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். திரும்பி வந்து, முன்னைவிடச் சத்தமாக, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். கிரகணம் இல்லை. இருந்தால் நான் பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன்.

அம்மா எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள். உலை வைத்தாள். யார்டுக்காரர்களில் இரண்டு பேர் அரைப் பசியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாறிவிட்டு ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று பார்வைகளையும் மை தொட்டு அழகாக நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். குழவி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அத்தையக் கூப்பிடு" என்றாள்.

மருத்துவச்சி வந்தாள். வெந்நீர், துணி, மூடிய கதவு. தம்பிகளை நான் வெளியே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வராமல் போன இரண்டு பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. விடிந்தபோது மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை தப்பிவிட்டது, ஆனால் பத்து நாள் தாயை அசைக்கக் கூடாது என்றாள்.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரில் இருந்த தாளைத் தொட்டுக் காட்டி, "அவன் எழுதுனது எழுதுனபடி இருந்திருக்கு. கெரகணத்துல எழுந்திரிக்க வச்சிட்டோம்" என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த சித்தப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் நோட்டை அவரிடம் நீட்டினேன். மூன்று ரயில், மூன்று பார்வை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னது சரியா என்று கேட்டேன்.

"மேகம் மெல்லிசா இருந்திருக்கும்மா" என்றார். "சில நாள்ல கண்ணு ஏமாத்தும்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்றோடு நான் வேறு ஆளாகிவிட்டேன். என் கண் பொல்லாத கண், அதனால் அம்மாவைச் சாகக் கொடுத்திருப்பேன் என்று நம்பினேன். இனித் தவறவே விடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். தாள் சொன்ன மாலைகளிலெல்லாம் சாம்பல் மேட்டில் ஏறி, அந்த நட்சத்திரம் மங்கும்வரை முறைத்துப் பார்த்தேன். முறைத்துக்கொண்டே இருந்தால் எந்த நட்சத்திரமும் மங்கத்தான் செய்யும். கண்ணில் நீர் கட்டினால் இன்னும் சீக்கிரம் மங்கும். வந்து, "புடிச்சிருக்கு அத்தே" என்பேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. நட்சத்திரம் மாலைக்கு மாலை வடமேற்கில் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் சில வாரத்தில் சூரிய வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடும். சுவரில் இருந்த தாளின் கடைசிப் பகுதியில் தினமும் கிரகணம். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒன்று விடாமல். இரண்டு நாள் இருபது மணி நாற்பத்தொன்பது நிமிடம் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய நான், பதினைந்து மாலைகளும் மேட்டில் ஏறி, பதினைந்து தடவையும் மங்கியதைப் பார்த்தேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அத்தை மாவாட்டப் பழகிக்கொண்டாள். யார்டுக்காரர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள்.

பங்குனிக் கடைசியில், ஒரு பட்டப்பகலில், தங்கை பிறந்தாள். அவள் அழுத அழுகை கூட்ஸ் ஷெட்வரை கேட்டிருக்கும். மறுநாள் சித்தப்பா சுவரிலிருந்து தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

அந்த வருடப் பதிவுகளைச் சீமைக்கு அனுப்பவில்லையா என்று அவரிடம் கேட்டேன். அனுப்ப லாயக்கில்லை, அடுத்த கார்த்திகையில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். ஆரம்பிக்கவும் செய்தார். முதல் கட்டம், முதல் புள்ளி. மேட்டுக்கு வருகிறாயா என்று கேட்டபோது நான் போகவில்லை. என் கண்ணால்தான் அந்த வருடம் கெட்டது என்று எனக்குத் தெரியுமே. அவர் இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பக்கத்தில் அத்தை இருப்பாள், நிறுத்திவிடுவார். பிற்பாடு ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கிருந்து அவர் அனுப்பியவற்றைச் சீமைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர் காலமான பிறகு அவருடைய பெட்டி என்னிடம் வந்தது. அதில் அந்த வருடத்துக் கட்டத் தாள் இருந்தது. எல்லா மாலைகளின் புள்ளிகளையும் ஒரே மூன்று நாள் சுற்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும் படம். அவருடைய புள்ளிகள் பென்சிலில், பருப்புச் சட்டி மூடி சொன்ன வழியிலேயே, இறங்கி ஏறின. என்னுடையவை மையில். முதலில் அவையும் அதே வழியில்தான் வருகின்றன. தைக்குப் பிறகு கோட்டை விட்டு விழுந்து, கீழே சிதறிக் கிடக்கின்றன. அந்த வருடத்து உழைப்பை ஒரு பிள்ளை மையால் பாழாக்கியதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீ பார்த்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாள் தப்பியிருக்கும். ஆனால் அது என் வாய் வழியாக அன்றைக்கே அத்தையின் காதுக்குப் போயிருக்கும், அம்மா மறுபடி ஆட்டுக்கல்லுக்குப் போயிருப்பாள்.

தைப்பூச வாரத்து மூன்று புள்ளிகளைத் தேடினேன். மேலே, முழு ஒளிக்கோட்டின் மீது, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தன. அவற்றைச் சுற்றி அவர் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். என் கண்ணில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கண் சரியாக இருந்ததற்காக அழுத மனுஷி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிள்ளானில் இருக்கும் தங்கை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கிரகணத்தில் உருவானவள் என்று அவளைக் கேலி செய்வோம். ஆனால் அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலைதான் ஞாபகம் வருகிறது. அம்மா கிரகணத்துக்குப் பயந்து படுத்திருக்கவில்லை. சித்தப்பா கணக்கைத் திருத்தியிருக்கவில்லை. உள்ளறையின் இருட்டில் நேராகப் படுத்துக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ பாத்துட்டு வாயேன்" என்று அவள் சொன்னபோது, நான் நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் ஓடினேன்.